பாப்பாவைக் கூட்டிட்டு வரேன்

வேன் அக்காவின் அப்பா காணாமல் போன அன்று அவள் செய்த முதல் தப்பு, அவர் சொன்னதைச் சட்டென்று புரிந்துகொண்டதுதான். இதைக் கண்டுபிடித்தது நானல்ல. வாக்கியத் தெளிவு வாரியத்தின் தலைவரே அன்று மத்தியானம் அவளை எதிரே நிற்கவைத்து, நாலு பேர் முன்னிலையில் சொன்னார்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகள் வேன் அக்கா என்று கூப்பிட, பெற்றவர்களும் அப்படியே கூப்பிட, கடைசியில் கட்டின புருஷனே போனில் அவள் நம்பரை அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருந்தான். அப்பா அவளோடுதான் இருந்தார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவர் கால் படாத சந்து கிடையாது. ரெண்டு வருஷமாக அவருக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. அதிலும் ஒரு விசித்திரம். தெருக்களெல்லாம் அப்படியே இருந்தன, வருஷங்கள்தான் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

வார்த்தைகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. முதலில் ஆட்களின் பெயர்கள் போயின, அப்புறம் சாமான்களின் பெயர்கள். மிச்சம் நின்றது 'அது' ஒன்றுதான். "அது எங்கம்மா?" என்பார். பேப்பர் மடியில் இருந்தால் அது மூக்குக் கண்ணாடி. சாப்பிட்டு முடித்திருந்தால் அது சர்க்கரை மாத்திரை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டால், அவளுடைய செத்துப்போன அம்மாவைக் கேட்கிறார் என்று அர்த்தம். வேன் அக்கா ஒரு தடவைகூட எதை என்று திருப்பிக் கேட்டதில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ ஒயர் ஓடுது" என்பான் புருஷன்.

அன்று காலையில் அவள் தெருவில் வேனை நிறுத்தி முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது மகள் எதிர்வீட்டில் உட்கார்ந்து, விட்டுப்போன பாடத்தை அடித்துப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"பாப்பாவைக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

"சரிப்பா" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் 'வரேன்' என்று முடிப்பதற்குள் அவள் மனசு எதிர்வீட்டுக் கதவைத் திறந்து, பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, வேனில் உட்கார வைத்துவிட்டது. அவள் அடுத்த கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மகள் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஓடி வந்தது.

"தாத்தா எங்கடி?"

"தாத்தாவா? வரலையே."

தெருமுனை, பூங்கா, பஸ் நிறுத்தம், முடிவெட்டுகிற கடை என்று தேடினாள். பிள்ளைகளை வேறொரு வேன்காரரிடம் ஒப்படைத்தாள். புருஷன் பைக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிகளைப் பார்க்கக் கிளம்பினான். வேளைக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுகிற உடம்பு அவருடையது. வெயிலோ அன்று காலையிலேயே மத்தியான வெயில் மாதிரி காய்ந்தது. அவள் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு நல்ல மனிதர். அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவள் அழுதழுது சொன்னதைத் தன் கையாலேயே ஒரே வாக்கியமாக எழுதினார். "என் அப்பா காலையில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார், இன்னும் வரவில்லை." எழுதியதை ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இதுக்குத் தெளிவுச் சான்று வாங்கிட்டு வந்துடுங்கம்மா. அது இல்லாம நாங்க தேட முடியாது."

"எதுக்குங்க சான்று?"

ஏட்டு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். முன்பு ஒரு தடவை, 'ஓடிப்போன திருடனின் தம்பியைப் பிடிக்கவும்' என்று மேலிடத்து உத்தரவு வந்ததாம். ஓடிப்போனது திருடனா, தம்பியா? ஸ்டேஷன்காரர்கள் போய், வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த தம்பியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவனோ பெரிய இடத்துச் சம்பந்தி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக விசாரணை, விசாரணைக்கு மேல் விசாரணை என்று போய், கடைசியில் ஒரு வாரியம் பிறந்தது. இனிமேல் எந்தப் புகாரும் ஒரே அர்த்தம் உள்ளதுதான் என்று வாரியம் எழுதிக் கொடுத்தால்தான் போலீஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம்.

"எனக்குப் புரியுதும்மா" என்றார் ஏட்டு. "ஆனா எங்களுக்குப் புரியறது செல்லாது."

வாரியம் பெரிய கட்டடம். வாசலில் ஆள் உயர எழுத்தில், 'அவசரப்பட்டுப் புரிந்துகொள்ளாதீர்' என்று எழுதியிருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு முகப்பு மேஜை. அங்கிருந்த எழுத்தர் அவள் நீட்டிய காகிதத்தை வாங்கி, முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டார்.

"என் அப்பான்னு போட்டிருக்கு. இது யார் கையெழுத்து?"

"ஏட்டய்யா எழுதிக் கொடுத்தாருங்க."

"அப்போ 'என் அப்பா'ன்னா ஏட்டோட அப்பா."

"இல்லைங்க, என் அப்பா."

"நீங்க சொல்றீங்க. காகிதம் அப்படிச் சொல்லலையே." அவர் போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார். அங்கிருந்து ஏட்டின் வீட்டு நம்பரை வாங்கி, அங்கேயும் பேசினார். பேசி முடித்ததும் முகத்தில் ஒரு மலர்ச்சி. "ஏட்டோட அப்பா வீட்லதான் இருக்காராம். தூங்கி எழுந்து பல் விளக்கிட்டு இருக்காராம். கவலையை விடுங்க." காகிதத்தின் மூலையில் 'நபர் கிடைத்துவிட்டார்' என்று முத்திரை குத்தக் கையை ஓங்கிவிட்டார்.

வேன் அக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வேன் ஓட்டுகிற கை, எழுத்தரால் அசைக்க முடியவில்லை. இருவரும் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு எழுத்தர் கௌரவமாக முத்திரையைக் கீழே வைத்து, "ஆட்சேபம் இருந்தா மேல போய்த் தலைவரைப் பாருங்க" என்றார்.

மாடியில் தலைவர் அறைக்கு வெளியே நீளமான பெஞ்ச். அதில் ஒரு சமையல்காரர் உட்கார்ந்திருந்தார். கையில் காகிதத்தோடு வந்தவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உங்களுக்கு என்ன வாக்கியங்க?" என்றார், ஆஸ்பத்திரியில் என்ன வியாதி என்று கேட்பது போல.

அவள் சொன்னாள். அவரும் தன்னுடையதைச் சொன்னார். ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை. முதலாளி நெஞ்சு வலி வந்து படுத்திருந்தபோது, இவர் பக்கத்தில் போய், 'கவலைப்படாதீங்க, உங்களை நான் பாத்துக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறார். முதலாளியின் மகன் அதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டு, அப்பாவை மிரட்டினான் என்று புகார் கொடுத்துவிட்டான். வேலை போயிற்று. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து, எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"முதல்ல எனக்குத் தெளிவா இருந்துச்சும்மா" என்றார் சமையல்காரர். "இவங்க கேக்கக் கேக்க, இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருவேளை மிரட்டித்தான் இருப்பேனோ என்னவோ."

புருஷன் போன் செய்தான். பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை, ரயில் நிலையத்துக்குப் போகிறேன் என்றான். "அங்க என்ன சொல்றாங்க?" என்றான். அதே நேரம் அறைக் கதவு திறந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நாலு பேருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வேன் அக்காவைப் பார்த்ததும் அவர் முகம், கடைக்குள் நல்ல சரக்கு வந்து இறங்கின மாதிரி ஆனது. காகிதத்தை வாங்கிப் படித்தார். அவளை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு நாலு பேர் பக்கம் திரும்பினார்.

"மனுஷ மூளை இருக்கே, அது ஒரு அவசரக்குடுக்கை. எதிராளி பாதி சொல்லும்போதே மீதியை இதுவே எழுதிக்கும். ரெண்டு அர்த்தம் இருக்கிற இடத்துல கைக்கு எட்டின ஒண்ணை எடுத்து மடியில கட்டிக்கும். இன்னொண்ணு அங்க இருந்துச்சுங்கிறதே அதுக்குத் தெரியாது. தெரியலையேன்னு வெட்கமும் படாது. இந்தம்மாவைப் பாருங்க. 'பாப்பாவைக் கூட்டிட்டு வரேன்'னு ஒருத்தர் சொல்றாரு. இவங்க என்ன கேட்டிருக்கணும்? எந்தப் பாப்பா, எங்கேருந்து, எப்போ, வரேன்னா வர்றீங்களா போறீங்களா, இத்தனையும் கேட்டிருக்கணும். என்ன பண்ணினாங்க தெரியுமா? 'சரிப்பா'ன்னாங்க."

நாலு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குத் தலை குனிந்துவிட்டது. ஏனென்றால் அது உண்மை. காலையிலிருந்து அவளுடைய நெஞ்சைக் குடைந்துகொண்டிருந்ததும் அந்த 'சரிப்பா'தான். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

"நாங்க அப்படி இல்லை" என்று தலைவர் தொடர்ந்தார். "இந்த வாரியம் தொடங்கின நாளிலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு வாக்கியத்தைக்கூட நாங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டது கிடையாது."

"சரியாப் புரிஞ்சுக்கிட்டது எத்தனை சார்?" என்று நாலு பேரில் ஒருவன் கேட்டுவிட்டான்.

"புரிஞ்சுக்கிறது நம்ம வேலை இல்லை தம்பி. தப்பு நடக்காமப் பாத்துக்கிறதுதான் நம்ம வேலை."

அந்த நேரத்தில் தலைவருடைய போன் அடித்தது. எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல் என்னவோ கேட்டது. "ம்… ம்… அதுவா? அது அதுக்குப் பின்னாடிதான் இருக்கும் பாரு. இல்லை இல்லை, அது இல்லை, அது. அன்னைக்கு அவங்க கொண்டுவந்தாங்களே, அதுக்குக் கீழ. ஆங், அதேதான்." போனை வைத்தார். "வீட்ல. பீரோ சாவி தேடினாங்க. கிடைச்சிடுச்சாம்."

வேன் அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார்" என்றாள். "அவங்க எந்த 'அது'ன்னு உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

"வீடு வேற, ஆபீஸ் வேறம்மா" என்றார் தலைவர்.

"எங்க வீட்லயும் இப்படித்தான் சார். அப்பா சொன்னா எனக்குப் புரியும். காலையில ஒரு தடவைதான் தவறிப் போச்சு. அவர் சர்க்கரைக்காரர். வெயில்ல எங்கேயாவது விழுந்து கிடப்பாரு சார். போலீஸ்காரங்க ரெண்டு பேரைத் தேடச் சொன்னா போதும். அர்த்தத்தைப் பின்னாடி பாத்துக்கலாம்." காலில் விழாத குறையாகக் கையைக் கூப்பினாள்.

தலைவர் இரக்கத்தோடு தலையசைத்தார். இரக்கம் அவருக்கு நிறைய இருந்தது. "குறுக்கு வழி ஒண்ணு இருக்கும்மா. சொன்னவரே நேர்ல வந்து, இன்ன அர்த்தத்துலதான் சொன்னேன்னு எங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டா, இப்பவே சான்று குடுத்துடறேன். நீங்க போய் அவரைத் தேடலாம்."

"அவரைத்தான் சார் காணோம்."

"அதான் சிக்கல்" என்று ஒப்புக்கொண்டார் தலைவர். "அப்போ பிரிப்புப் பிரிவுக்குப் போங்க. கொஞ்சம் நேரமாகும். ஆனா ஒரு அர்த்தமும் விட்டுப்போகாது."

பிரிப்புப் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னலெல்லாம் சாத்தின ஓர் அறை. நடுவில் ஒரு பெரிய மேஜை. பிரிப்பாளர் ஒரு நடுத்தர வயது அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. கத்தரிக்கோலால் வாக்கியத்தை வார்த்தை வார்த்தையாக வெட்டி, துண்டுகளை மேஜை மேல் வரிசையாக அடுக்கினார். காற்றில் வார்த்தைகள் பறந்துவிடும் என்பதால் மின்விசிறி போடக்கூடாதாம். அறை அடுப்பங்கரை மாதிரி வெந்தது. பிரிப்பாளரின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை 'இன்னும்' மேல் விழுந்தது. அவர் அதை அலுங்காமல் துடைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"காலையில். இதை இங்க வச்சா, காலையில சொன்னாருன்னு அர்த்தம். இதோ இப்படி நகத்தினா, காலையில வரேன்னு சொன்னாருன்னு அர்த்தம். ரெண்டாவதுன்னா நாளைக்குக் காலையில வந்துடுவாரு. காணாமப் போகலை."

"காலையிலதாங்க சொன்னாரு. நான் கேட்டேனே."

"நீங்க கேட்டது உங்க காதுக்கும்மா. நான் காகிதத்தைப் பாக்கணும்." அவர் குரலில் கடுமை இல்லை. கறிகாய் நறுக்குகிறவர் போல, வேலையில் கண்ணாக இருந்தார். "இன்னும் வரவில்லை. யாரு வரலை? பாப்பாவா, அப்பாவா?"

"அப்பா."

"பாப்பா வந்தாச்சா?"

"பாப்பா அப்பவே வந்துட்டா."

"பாப்பாவைக் கூட்டிட்டு வர்றதுதானே அவர் சொன்னது? பாப்பா வந்தாச்சுன்னா வாக்கியம் நிறைவேறிடுச்சுன்னு ஒரு அர்த்தம் வருதே." அதையும் குறித்துக்கொண்டார்.

புருஷன் மறுபடி போன் செய்தான். ரயில் நிலையத்திலும் இல்லை. 'அடுத்து எங்க தேடறதுன்னு எனக்குத் தெரியலை' என்றான். வேன் அக்கா போனைப் பிடித்துக்கொண்டு அந்த மேஜையையே பார்த்தாள். அப்பா சொன்ன வார்த்தைகள் துண்டு துண்டாகக் கிடந்தன. அவருடைய குரலில் கேட்டபோது ஒரே மூச்சாக இருந்தவை. இப்போது எதைப் பார்த்தாலும் அவருடையதாகத் தெரியவில்லை. பெஞ்சில் பார்த்த சமையல்காரரின் முகம் ஏன் அப்படி இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது.

"அடுத்தது பாப்பா" என்றார் பிரிப்பாளர். "கைக்குழந்தைன்னா பாப்பா. கண்ணுக்குள்ள இருக்கிறதும் பாப்பாதான். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஏதாவது பாக்கி இருக்கா?"

"இல்லைங்க."

"பொம்மையையும் பாப்பான்னு சொல்றதுண்டு. கடையில பொம்மை வாங்கப் போயிருக்கலாம். உங்க பொண்ணு, அது நீங்க எடுத்துக்கிட்ட அர்த்தம். வீட்ல வேற யாரையாவது பாப்பான்னு கூப்பிடறதுண்டா?"

"இல்லைங்க. அவ ஒருத்திதான்."

"இப்போன்னு கேக்கலைம்மா. எப்பவாவது? முன்னாடி?"

இல்லை என்று சொல்லத்தான் வேன் அக்கா வாயைத் திறந்தாள்.

"என்னை" என்றாள்.

மகள் பிறந்தபோது அந்தப் பெயர் சத்தமில்லாமல் அவளிடமிருந்து கழன்று குழந்தைக்குப் போய்விட்டது, சின்னதாகிப்போன சட்டையை அடுத்த பிள்ளைக்கு மாட்டுவது மாதிரி. அவளே மறந்துவிட்டாள். அதற்கு முன்னால் முப்பது வருஷம் அந்த வீட்டில் பாப்பா என்றால் அவள்தான். மீட்டர் பார்க்கிற வேலை முடிந்து, சாயங்காலம் அப்பா நேராக அவள் படித்த பள்ளிக்கூடத்து வாசலுக்குத்தான் வருவார். மடித்த குடை, காக்கிப் பை. அம்மாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார், சாயங்காலம் நான் பாப்பாவைக் கூட்டிட்டு வரேன் என்று.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. கதவைத் திறந்தாள். வெளிக்காற்று உள்ளே புகுந்து மேஜை மேலிருந்த வார்த்தைகளை அள்ளிக்கொண்டு போயிற்று.

"உக்காருங்கம்மா" என்றார் பிரிப்பாளர், பறக்கிற துண்டுகளைக் கையால் பொத்திக்கொண்டே. "இன்னும் நிறைய அர்த்தம் பாக்கி இருக்கு."

"இதுதாங்க அர்த்தம். இதுதான்."

"காலையிலயும் இப்படித்தானே இதுதான்னு நினைச்சீங்க?"

அந்தக் கேள்வி அவளை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டது. இந்த அம்மாள் கெட்டவள் இல்லை. கேட்டதும் நியாயம்தான். காலையில் எவ்வளவு உறுதியாக இருந்தாளோ அவ்வளவு உறுதியாகத்தான் இப்போதும் இருந்தாள். இதுவும் தப்பானால், ஊரின் இன்னொரு கோடியில் அவர் எங்கோ விழுந்து கிடந்தால், ரெண்டாவது தடவையும் அவரைத் தொலைத்தது அவள்தான். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பதால் அவர் எழுந்து வந்துவிடப் போவதில்லை. ஓடினாள்.

வாசலில் காவலாளி மறித்தான். "போறீங்களா, போயிட்டு வரீங்களா? எழுதணும்." அவள் நிற்கவில்லை. அவன் கடமை தவறாதவன், ரெண்டையும் எழுதிக்கொண்டான்.

பழைய பள்ளிக்கூடம் இப்போது பள்ளிக்கூடம் இல்லை. அதை இடித்து, கண்ணாடிச் சுவர் வைத்த சோபாக் கடை கட்டிவிட்டார்கள். அந்த இடத்தின் பழைய மிச்சம், ஓரமாக நின்ற ஒற்றைக் கல்தூண். தூணின் மெல்லிய நிழலில், நிழல் நகர நகரத் தானும் நகர்ந்துகொண்டு, அப்பா நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கடைக்காரர்கள் ரெண்டு தடவை விரட்டியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை ஒரு நாற்காலியும் குளிர்பானமும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். குளிர்பானத்தைக் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார மட்டும் மறுத்துவிட்டாராம், உட்கார்ந்தால் பிள்ளை வெளியே வரும்போது தெரியாது என்று.

வேன் அக்கா வேனை ஓரமாக நிறுத்திவிட்டு மூச்சிரைக்கப் போய் அவர் முன்னால் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். பார்வையில் மரியாதை இருந்தது, அடையாளம் இல்லை. நகர்ந்து நிழலில் அவளுக்கும் கொஞ்சம் இடம் விட்டார்.

"இன்னும் பெல் அடிக்கலைங்க" என்றார். "உங்க குழந்தையும் இங்கதான் படிக்குதா?"

நடுரோட்டில் வேன் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட அவளுக்கு அப்படி நெஞ்சு நின்றதில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள். "ஆனா பெல் அடிச்சாச்சுங்க. பிள்ளைங்க எல்லாம் போயாச்சு."

அவர் பதறிப்போனார். "எம் பொண்ணு? பாப்பான்னு கூப்பிடுவோம். ரெட்டைப் பின்னல். எப்பவும் கடைசியாத்தான் வருவா."

"வீட்டுக்குப் போயிட்டாளேங்க. நான் பாத்தேன்."

"தனியாவா?"

"இல்லைங்க. அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த வாக்கியத்தை உள்ளே எங்கோ வைத்துப் பார்த்தார். பிறகு அவர் தோள்கள் தளர்ந்தன. "அப்போ சரி" என்றார். "வந்துட்டாரா. அப்போ சரி." அவள் கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். வேனில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்.

அப்பா கிடைத்துவிட்டார் என்று சொல்ல மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு சந்தோஷப்பட்டார். ஆனால் புகார் இன்னும் பதிவே ஆகவில்லை என்பதால், கிடைத்ததைப் பதிய வழியில்லை என்றார். வாரியத்துக்கு எழுதிப்போட்டாள். 'கிடைத்துவிட்டார் என்பதில் எழுவாய் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் மத்தியானம், பிள்ளைகளை இறக்கிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் தெரியாத செருப்புகள் ரெண்டு ஜோடி கிடந்தன. கதவு திறந்திருந்தது. உள்ளே கழுத்தில் அடையாள அட்டை தொங்க ரெண்டு பேர். ஒருவன் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டிருந்தான். இன்னொருவன் பீரோவை நகர்த்திப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் அப்பா டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாரியத்துலேருந்து வரோம்மா" என்று எழுந்தான் கட்டிலுக்கு அடியிலிருந்தவன். "உங்க வாக்கியத்துல எல்லா அர்த்தமும் பாத்தாச்சு. கடைசியில ஒண்ணுதான் தங்குச்சு. காணாமப் போனவரு வீட்டை விட்டே போகலைன்னு ஒரு அர்த்தம் இருக்கு. அதை நேர்ல பாத்து உறுதி பண்ணிட்டா சான்று குடுத்துடலாம். அதான் தேடறோம்."

வேன் அக்கா அப்பாவைப் பார்த்தாள். அவர்களையும் பார்த்தாள். "இவர்தாங்க அவர்" என்றாள்.

"யாருங்க?" என்றான் பீரோவுக்குப் பின்னாலிருந்தவன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். "ஐயா, காணாமப் போனவரு நீங்களா?"

"நானா? இல்லையே" என்றார் அப்பா. "நான் இங்கதான் இருக்கேன்."

அவன் எழுதிக்கொண்டான். சமையலறை, குளியலறை, மொட்டை மாடி எல்லாம் பார்த்தார்கள். அப்பா எல்லா இடத்துக்கும் முன்னால் போய் விளக்கைப் போட்டுக் கொடுத்தார். கடைசியில், 'ஆள் இல்லை. வீட்டிலிருந்த பெரியவர் ஒருவர் நல்ல ஒத்துழைப்புக் கொடுத்தார்' என்று எழுதி, கீழே அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகு அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"பாவம்மா" என்றார். "யாரோ வயசானவராம். ரொம்ப நாளா வீடு திரும்பலையாம். வீட்ல எப்படித் தவிப்பாங்க."

"ஆமாப்பா."

"மழை வேற வர்ற மாதிரி இருக்கு." செருப்பைத் தேடி மாட்டினார். டார்ச் லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "நீயும் வரியா? ரெண்டு பேராத் தேடினா சீக்கிரம் கிடைச்சிடுவாரு."

வேன் அக்கா குடையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அப்பா நின்றார். கதவிடுக்கில், மரத்தடியில், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். 'பெரியவரே, பெரியவரே' என்று கூப்பிட்டார், யாரையும் பயமுறுத்திவிடாத மெல்லிய குரலில். ஒவ்வொரு தடவை கூப்பிட்டதும் கையைக் காதில் குவித்துக்கொண்டு, பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்றார். அவளும் கூடவே நின்றாள்.